டப்பாவில் வரும் சர்வைவல் கிட்டும் மதுரைக் கடைவீதியில் சேரும் பையும்

காட்டிலோ பேரிடரிலோ மாட்டிக்கொண்டால் உயிர் தப்ப உதவும் என்று ஆன்லைனில் ‘18 பொருள்’, ‘32 பொருள்’ கணக்கில் விற்கும் சர்வைவல் கிட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பு. மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் வேறு. ஒரு கறுப்பு டப்பா. உள்ளே வயர் ரம்பம், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி, தீப்பொறிக் கம்பி, பாராகார்டு எனும் பாராசூட் வகை நைலான் கயிற்றில் பின்னிய வளையல், மடித்த வெள்ளித்தாள் போர்வை, ஏடிஎம் கார்டு வடிவில் ஓர் இரும்புத் தகடு, விசில், விரல் நீள டார்ச். விலை கொஞ்சம் கூடினால் பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சும் பம்பும் சேரும். குளிர் நாட்டு ஊசியிலைக் காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவரை மனதில் வைத்துச் சேர்த்த சாமான்கள் இவை. சிறுமலைக்கும் அழகர்மலைக்கும் சதுரகிரிக்கும் மேகமலைக்கும் போகிறவருக்கு இதில் பாதி உதவாது. கண்மாய் நிறைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்தபின் மாடியில் இரண்டு நாள் ஓட்டவேண்டிய குடும்பத்துக்கு முக்கால்வாசி உதவாது. இங்கே ஆளை வீழ்த்துவது தாகம், வெயில், கெட்ட தண்ணீர், பாம்பு, திடீர் வெள்ளம்.

டப்பாவில் எது தேறும், தேறாததற்கு மதுரைக் கடைவீதியில் என்ன வாங்கலாம் என்பதுதான் இந்த மதிப்பீடு. வாங்க வேண்டியவற்றில் பல பூஜையறையிலும் பலசரக்குக் கடையிலும் பஞ்சர் கடையிலும் ஏற்கெனவே இருப்பவை.

முதலில் டப்பா. வயர் ரம்பத்தைத் தூக்கிப் போடலாம். இரண்டு முனையிலும் இருக்கும் வளையம் கம்பியோடு சேரும் இடத்தில்தான் அது அறும்; சீமைக்கருவேலம் மாதிரி வைரம் பாய்ந்த மரத்தில் நாலு இழுப்புக்குள் சூடேறி முறுக்கிக்கொள்ளும். கிளை அறுக்க வேண்டுமென்றால் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு ரம்பம், ஆறேழு அங்குலப் பல் உள்ளது, போதும். திருப்பாச்சேத்தி அரிவாள் பக்கத்து ஊர்ப் பெருமைதான். ஆனால் அதைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினால் மலை ஏறுவதற்கு முன்பே காவல் நிலையப் படி ஏற வேண்டியிருக்கும். கார்டு வடிவத் தகடு எதையும் ஒழுங்காகச் செய்யாது. பொத்தான் திசைகாட்டி காந்தத்தின் பக்கத்தில் ஒருமுறை இருந்தாலே பொய் சொல்லும். செல்போனில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டி இறக்கிக்கொள்வது மேல். தூண்டில் முள்ளும் நரம்பும் வைத்திருப்பார்கள். நரம்பு தைக்க உதவும், அவ்வளவே.

விசிலைப் பாருங்கள். உள்ளே உருளும் குண்டு உள்ளதா, இல்லாததா? கண்டக்டர் விசில் மாதிரிக் குண்டு உள்ளது தண்ணீர் பட்டால் சில நேரம் அடைத்துக்கொள்ளும். குண்டில்லாத பிளாஸ்டிக் விசில் முங்கி எடுத்தாலும் ஊதும். ஓர் ஊதல் நிறுத்தச் சொல்லும், இரண்டு போகச் சொல்லும் என்பது நம் பேருந்துப் பழக்கம். மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று என்பது உதவி கேட்கும் குறி. உடன் வரும் எல்லோருக்கும் அதைச் சொல்லி வைக்க வேண்டும். வாய் வறண்டபின் கத்த முடியாது, ஊத முடியும். விசில் ஆளுக்கு ஒன்று, பையில் அல்ல, கழுத்தில்.

பாராகார்டு என்று விற்பதில் போலி அதிகம். நுனியை வெட்டி உள்ளே பாருங்கள்: அசலில் ஏழு உள்ளிழைகள் இருக்கும், தாங்குதிறன் 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ. மலிவானதில் நாலைந்து இழை, இல்லையென்றால் வெறும் பஞ்சுத் திணிப்பு. வளையலைப் பிரித்தால் கிடைப்பதும் மூன்று மீட்டர் அளவுதான். கீழமாசி வீதிப் பக்கத்துக் கயிற்றுக் கடைகளில் 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு பத்து மீட்டர் வாங்குவது மலிவும் நம்பிக்கையும். வெட்டிய நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிடாவிட்டால் ஒரே நாளில் பிரியும். தேங்காய் நார்க் கயிறு முடிச்சு நழுவாது, ஆனால் நனைந்தபடி கட்டி வைத்தால் இற்றுப்போகும்.

வெள்ளித்தாள் போர்வை தேறும், ஆனால் வேறு வேலைக்கு. கொடைக்கானலிலும் மேகமலையிலும் மழையில் நனைந்த ஆளைச் சுற்ற அது உதவும். முதலில் ஈரத்துணியைக் கழற்ற வேண்டும், சட்டைக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும், அதன்பிறகுதான் போர்வை. சமவெளியில் அதைத் தலைக்குமேல் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்டினால் நல்ல நிழல். உடம்போடு ஒட்டிக் கட்டினால் வெயிலில் வேகும். ஒரு முனை கிழிந்தால் முழுதும் கிழிந்துபோகும் சாமான் அது, எனவே இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு அதைவிட நல்லது சாதாரணக் குடை. மலையேறுகிறவர்கள் குடையைக் கேலி செய்வார்கள். சித்திரை வைகாசியில் பாறை வழியில் நடக்கும்போது கையோடு நிழல் கொண்டுபோக வேறு வழி இல்லை. நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக் குடை பிடித்தால் உடல் சூடு நன்றாகக் குறையும். இடி இடித்தால் மடக்கி வைத்துவிட வேண்டும்.

பாம்புக்கடி பம்பு பற்றி ஒரே வரி: காசு கொடுத்துத் தீங்கை வாங்க வேண்டாம். அது விஷத்தை எடுக்காது, கடிவாயைப் புண்ணாக்கும், ஆஸ்பத்திரி போகும் நேரத்தைத் தின்னும்.

இனித் தண்ணீர். டப்பாக்கள் மிகவும் கோட்டைவிடும் இடம் இது. சிலவற்றில் உறிஞ்சு குழாய் வடிவில் வடிகட்டி வைக்கிறார்கள். நல்ல வகையில் உள்ளிருக்கும் நுண்குழல்களின் துளை 0.2 மைக்ரான் அல்லது அதற்கும் கீழே; பாக்டீரியாவை நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ்தான். அதனால் நம் ஊர்த் தண்ணீருக்கு அது மட்டும் போதாது. அதோடு கண்மாய்க் களிமண் கலங்கலை நேராக உறிஞ்சினால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மலிவான நகல்களில் கரித்தூள் மட்டுமே இருக்கிறது. வாடையைப் போக்கும், கிருமியைப் போக்காது. பெட்டியின்மேல் துளை அளவு அச்சிடாத எதையும் வாங்காதீர்கள்.

முறை மூன்று படி: வடிகட்டு, தெளியவை, கிருமி கொல். வரிசை மாறக் கூடாது. கலங்கல் இருக்கும்போதே குளோரின் போட்டால் அந்தக் கலங்கலே குளோரினைச் சாப்பிட்டுவிடும், கிருமிக்கு மிச்சம் இராது.

வடிகட்ட, பலமுறை துவைத்த பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒரு மீட்டர். புதுத் துணி வேண்டாம். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து பூத்த துணியில்தான் இடுக்கு சின்னதாகும். நாலு மடிப்பு, கூடினால் எட்டு. வங்கதேசத்து மத்லாப் பகுதிக் கிராமங்களில் இந்தப் பழைய சேலை முறையைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு மிதவை உயிரிகளைத் துணி பிடித்துக்கொண்டதே காரணம். வடிகட்டியபின் துணியை அலசி வெயிலில் காயவைக்க வேண்டும், மறுமுறை பக்கம் மாற்றிப் போடக் கூடாது.

தெளியவைக்க மூன்று பொருள் உண்டு. மூன்றும் கீழமாசி வீதி தேர்முட்டிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைப்பவைதான்.

படிகாரம் வேகமானது. ஒரு குடம், அதாவது சுமார் 15 லிட்டர் கலங்கல் தண்ணீருக்கு அரைக்கால் டீஸ்பூன் தூள் போதும். தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு ஐந்து நிமிடம் மெதுவாகவும் கிண்ட வேண்டும். மெதுவாகக் கிண்டும்போதுதான் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அதை விட்டுவிட்டு ‘படிகாரம் வேலை செய்யவில்லை’ என்பவர்கள் அதிகம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் அடியில் படியும். மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து எடுக்கலாம். அளவு கூடினால் நாக்கில் துவர்ப்பு ஏறும், தெளிவும் கெடும்.

தேத்தாங்கொட்டை பொறுமையானது. பானையின் உட்புறச் சொரசொரப்பில், அல்லது ஒரு கல்லில், நனைத்த கொட்டையை ஓரிரு நிமிடம் உரைத்தால் வெண்ணிற விழுது வரும். அதைத் தண்ணீரில் கலந்து கிண்டி இரவு முழுக்க விட்டால் காலையில் தெளிந்திருக்கும். அளவு கொஞ்சம் கூடினாலும் படிகாரம் மாதிரி வாய் துவர்க்காது. காய்ந்த கொட்டை வருடக்கணக்கில் கெடாது, வெயிலில் உருகாது, உடையாது. பையில் போட்டு மறந்துவிடக்கூடிய சாமான் என்ற வகையில் முதல் மதிப்பெண் இதற்கே. நடைவழியில் அவசரத்துக்கு மட்டும் தோதுப்படாது.

முருங்கை விதை மூன்றாவது. முற்றிக் காய்ந்த விதையின் தோலையும் இறக்கையையும் நீக்கி உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பை நுணுக்கித் தண்ணீரில் குழைத்துத் துணியில் வடித்துச் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு ஒரு விதை என்பது கைக்கணக்கு. விதைப் புரதம் மண்ணை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். சிக்கல் ஒன்று: விதையின் மிச்சம் தண்ணீரிலேயே இருப்பதால் மறுநாள் கிருமி பெருகும். அன்றைக்குத் தெளித்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும். விதையைப் பொடியாக அரைத்துப் பையில் வைப்பதும் வீண். நாளாக ஆக வீரியம் போய்விடும். முழு விதையாக வையுங்கள்.

மூன்றும் தெளியவைக்கத்தான்; குடிக்கத் தகுந்ததாக ஆக்கப் போதாது. கடைசிப் படி கொதிக்கவைப்பது அல்லது குளோரின் மாத்திரை. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம். 2000 மீட்டருக்கு மேலே, அதாவது கொடைக்கானல் நகர உயரத்திலும் அதற்கு மேலும், மூன்று நிமிடம். உயரம் போகப்போகக் கொதிநிலை இறங்குகிறது அல்லவா. மாத்திரை வாங்கும்போது அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று பாருங்கள்: 1 லிட்டருக்கும் உண்டு, 20 லிட்டருக்கும் உண்டு. பெரியதைப் பாட்டிலில் போட்டால் வாயில் வைக்க முடியாது, சிறியதைக் குடத்தில் போட்டால் பலன் இல்லை. போட்டபின் அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். திறந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: உப்பையும் பூச்சிமருந்தையும் இவை எதுவும் நீக்காது. மருந்தடித்த வயலை ஒட்டிய வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் குடிக்க வேண்டாம்.

கொதிக்கவைக்கப் பாத்திரம்? டப்பாக்களில் மடக்கும் சிலிகான் கப் வைக்கிறார்கள், அடுப்பில் வைக்க முடியாத ஒன்று. அதற்குப் பதில் ஒன்றரை லிட்டர் எவர்சில்வர் தூக்குவாளி. மூடியும் பிடியும் உண்டு, நெருப்புக்கு மேலே கயிற்றிலோ கம்பிலோ தொங்கும், கிணற்றில் இறக்கலாம், பையில் இருக்கும்போது மற்றச் சாமான்களுக்கு அதுவே டப்பா. மதுரையில் எழுகடல் தெருப் பக்கமும் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய கடைகளிலும் தேடலாம். மற்றப் பாத்திரக் கடைகளிலும் பஞ்சமில்லை. வாங்கும்போது காதைப் பாருங்கள்: பிடி மாட்டும் காது ஆணி அடித்துப் பொருத்தியதாக இருக்க வேண்டும். புள்ளிப் பற்றவைப்பு மட்டும் உள்ளது, கொதிக்கும் தண்ணீரோடு தூக்கும்போது பிய்ந்துவிடும். பிடியில் பிளாஸ்டிக் குழல் இருந்தால் கழற்றிவிடுங்கள். சூடு தாங்க இரட்டைச் சுவர் வைத்த பாட்டிலை மட்டும் நெருப்பில் வைக்கக் கூடாது. சூடேறி வெடிக்கலாம்.

நெருப்புக்குத் தீப்பொறிக் கம்பி நல்ல சாமான்தான், பயன்படுத்தத் தெரிந்தால். புதிதாக வருவதில் கறுப்புப் பூச்சு இருக்கும்; அதைச் சுரண்டி எடுக்காமல் உரசினால் பொறி வராது. சுரண்டுதகட்டை அசைக்காமல் பிடித்துக் கம்பியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். தகட்டைத் தள்ளினால் சேர்த்து வைத்த பஞ்சு கலையும். எந்தப் பஞ்சு என்பதில்தான் உள்ளூர் லாபம். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு ஒரே பொறியில் பற்றும், ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும். வாஸ்லினில் குழைத்தால் உருண்டை சில நிமிடம் நின்று எரியும். உரசுவதற்கு முன் உருண்டையைக் கொஞ்சம் பிய்த்து நார் தெரியும்படி விட வேண்டும். வாஸ்லினுக்குப் பதில் தேங்காயெண்ணெய் போட்டால் நம் வெயிலில் பை முழுக்க எண்ணெய்தான்.

பொறியெல்லாம் வேண்டாம், லைட்டரே இருக்கிறது என்பவர்களுக்குச் சூடம். ஒரு கட்டி ஓரிரு நிமிடம் எரியும், தண்ணீரில் மிதந்தபடியும் எரியும், ஈரச் சுள்ளியைப் பிடிக்கவைக்க நாலைந்து கட்டி போதும். நல்ல சூடம் எரிந்தபின் சாம்பல் மிச்சம் வைக்காது. வாங்கியவுடன் ஒரு கட்டியை ஏற்றிப் பாருங்கள். குறை என்னவென்றால் அது காற்றில் கரைந்துபோகும். மிளகு போட்டு வைப்பது வீட்டு வழக்கம். மூடி இறுக்கமில்லாவிட்டால் கடைசியில் மிளகு மட்டும் இருக்கும். ரப்பர் வளையம் வைத்த சின்ன எவர்சில்வர் டப்பாவே சரி. தின்பண்டத்தோடு ஒருபோதும் வைக்காதீர்கள். சூடம் நஞ்சு, சின்னக் குழந்தை ஒரு கட்டியை விழுங்கினாலே வலிப்பு வரும், உயிரும் போகலாம்.

காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது குற்றம். மாசி முதல் ஆனி வரை போதைப்புல் காய்ந்து கிடக்கும் சரிவுகளில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதற்கு மலையேறப் போனவர்கள் பலரைப் பலிகொண்ட 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ நமக்குத் தெரிந்த சாட்சி. மேலே சொன்னது வீட்டு மாடிக்கும், அனுமதித்த முகாம் இடத்துக்கும், வேறு வழியே இல்லாத ராத்திரிக்கும்தான். மலையில் முதல் தேர்வு குளோரின் மாத்திரை.

டப்பாவில் இல்லாதவற்றில் விலைக்கு மிஞ்சிய பலன் தருவது பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் கழித்துப் போட்டதைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். பைக்குகள் டியூப் இல்லாத டயருக்கு மாறிவிட்டன, சைக்கிள் இன்னும் மாறவில்லை. கழுவி உள்ளிருக்கும் பவுடரைப் போக்கி, பாதியைக் குறுக்கே ஒன்றரை சென்டிமீட்டர் வளையங்களாக வெட்டுங்கள். எதையும் எதனோடும் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் பட்டைகள் அவை. மீதியை நீளவாக்கில் மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டினால் உடைந்த கையோடு குச்சி சேர்த்துக் கட்டலாம், நழுவும் பிடியில் சுற்றலாம், அறுந்த செருப்பு வாரை ஒட்டலாம். நனைந்தாலும் எரியும், தீப்பெட்டி அளவுத் துண்டு சுள்ளி பிடிக்கும் வரை தாங்கும். அந்தக் கரும்புகையில் சமைக்கவோ முகர்ந்துகொண்டு உட்காரவோ கூடாது. இழுத்தால் வெடிப்பு தெரியும் டியூப்பை எடுக்காதீர்கள்.

அதோடு ஒரு கோணி ஊசியும் செருப்புத் தைக்கும் மெழுகு நூலும். பை வார் அறுவதும் தார்ப்பாய் ஓரம் கிழிவதும்தான் வழியில் உண்மையில் நடக்கும் சேதம். டப்பாவில் வரும் சட்டை ஊசியால் அந்தத் தடிமனைக் குத்த முடியாது. தார்ப்பாயில் அலுமினிய வளையம் பிய்ந்துவிட்டால் தைக்கவும் வேண்டாம்: ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துப் பிதுக்கி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். வளையத்தைவிட உறுதி. கடையில் தார்ப்பாய் கேட்கும்போது நிறத்தைச் சொல்லாமல் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள்; நூறை ஒட்டியது ஒரு பருவம் தாங்கும், 200 இரண்டு மூன்று வருடம் வரும், எடையும் இரட்டிக்கும்.

முள்ளுக்கு முள்வாங்கி. டப்பாவில் இருக்கும் தட்டை நுனி சாமணம் புருவத்துக்கானது. சீமைக்கருவேல முள் செருப்பைத் தாண்டிக் காலில் ஏறி நுனி முறிந்து உள்ளேயே நிற்கும். அதைப் பிடிக்கக் கூர்நுனி வேண்டும். கூர்நுனியும் எதிர்நுனியும் இடைவெளி இல்லாமல் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். விரல் மூட்டுக்குப் பக்கத்தில் ஏறிய முள்ளைத் தோண்டாமல் மருத்துவரிடம் போவதே சரி. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு, மேகமலை, கொடைக்கானல் சோலைப் பக்கம் போகிறவர்கள், புகையிலைத் தூளை நனைத்து சாக்ஸின் மேல் பகுதியில் தடவிக்கொள்ளலாம். சுண்ணாம்பும் தடவுவார்கள், ஈரத்தில் தோலைப் புண்ணாக்கும், வேண்டாம்.

பாம்புக்குப் பையில் வைக்க வேண்டியது மூன்று: அகல கிரேப் பேண்டேஜ், மார்க்கர் பேனா, கொசுவலை. கொசுவலையா என்று கேட்பவர்களுக்கு: கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. பாயின் ஓரத்துக்கு அடியில் வலையைச் செருகிப் படுத்தால் பாம்பு உள்ளே வராது. வெள்ளத்தில் பாம்பும் மேடு தேடும் என்பதால் முகாமிலும் மாடியிலும் இது கூடுதலாக அவசியம். கடித்துவிட்டால் மோதிரம், மெட்டி, கொலுசு, காப்பு உடனே கழற்ற வேண்டும். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க முடியும். கையையோ காலையோ எலும்பு முறிந்ததைப் போல ஒரு மட்டையோடு சேர்த்து, இரத்த ஓட்டத்தை நிறுத்தாமல், தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடித்த நேரத்தையும் வீக்கத்தின் எல்லையையும் மார்க்கரால் தோலிலேயே எழுதிவிட்டு 108. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான், எனவே பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. மதுரையில் இராஜாஜி அரசு மருத்துவமனை.

வெள்ளத்துக்கென்று பட்டியலில் சேரும் விநோதச் சாமான், திருகு மூடி உள்ள 5 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகள் முதுகில் கட்டுவது இதைத்தான். காலிக் கேன் ஒன்று சுமார் 5 கிலோ மிதப்பு தரும். இரண்டும் சேர்ந்தால் 10 கிலோ, அதாவது லைஃப் ஜாக்கெட்டில் 100 நியூட்டன் என்று அச்சிட்டிருக்கும் அளவு. கட்டும் இடம் முக்கியம்: இரண்டையும் கயிற்றால் இணைத்து மார்புக்கு முன்னால், அக்குளை ஒட்டி. இடுப்பில் கட்டினால் தலை கீழே போகும். முதுகில் கட்டினால் களைத்த ஆளின் முகம் தண்ணீரில் கவியும். அமுக்கி மூடும் மூடி உள்ள 20 லிட்டர் கேன் வேண்டாம், மூடி கழன்று தண்ணீர் ஏறும். கேன் இருக்கிற தைரியத்தில் ஓடும் வெள்ளத்தில் இறங்கவும் கூடாது. வேகமாக ஓடினால் முழங்காலுக்குக் கீழே உள்ள தண்ணீரே ஆளைச் சாய்க்கும். சதுரகிரி ஓடைகளில் மேலே பெய்த மழை கீழே தெரியாமலே வந்துவிடும். கலங்கல் நிறமும் சருகும் திடீரென்று கூடினால் கரையேற வேண்டியதுதான். ஓடாமல் நிற்கும் தண்ணீரில் இருந்து வெளியேறவும், தூக்கிக்கொண்டுபோனால் மிதந்து கிடக்கவும் மட்டுமே கேன். சின்னக் குழந்தைகளை இதை நம்பி விடவே கூடாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதிரி நிலையில் அடுப்பில்லாத சாப்பாடுதான் சாப்பாடு. கெட்டி அவல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம், வெல்லம் 50 கிராம்; சுத்தமான தண்ணீரில் அரை மணி ஊறினால் போதும். பொரிகடலை கூட. கடலைமிட்டாய் எடைக்கு அதிகச் சக்தி தரும், ஆனால் பொட்டலம் பிரிந்தால் ஈரத்தில் இளகும், மூன்று மாதத்தில் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். ஓஆர்எஸ் வாங்கும்போது பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா பாருங்கள். சுமார் 21 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு, 4 கிராம் பொட்டலம் ஒரு டம்ளருக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது குழந்தைக்கு ஆபத்து. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

விளக்குக்கு, இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் நெற்றியில் மாட்டும் லைட் நல்லது, லித்தியம் பேட்டரி உள்ளதாக இருந்தால். பவர் பேங்கில் முன்னால் பெரிதாக 10000 என்று போட்டிருக்கும். பின்னால் பொடி எழுத்தில் ரேட்டட் கெபாசிட்டி என்பதைப் படியுங்கள், 6000-ஐ ஒட்டி இருக்கும். உண்மையில் கிடைப்பது அதுதான். எண்களைக் காகிதத்தில் எழுதி லேமினேட் செய்து வையுங்கள்: 112, 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070.

மொத்தமாக வாங்கினால், எவர்சில்வர் தூக்குவாளியும் தார்ப்பாயும் நைலான் கயிறும்தான் காசு கேட்பவை. மீதி எல்லாம் சில்லறை. ஆன்லைன் டப்பாவிலிருந்து எடுத்து வைக்கத் தக்கவை குண்டில்லாத விசில், தீப்பொறிக் கம்பி, வெள்ளித்தாள் போர்வை மூன்றே. மூன்றும் தனித்தனியாகவும் கிடைக்கும். டப்பா வாங்க வேண்டிய காரணம் இல்லை.

பையை எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குவார்கள். பைக் பெட்டியும் கார் டிக்கியும் கத்திரி வெயிலில் மெழுகுவர்த்தியை வளைக்கும், டேப்பின் பசையை ஒழுகவிடும், குளோரின் மாத்திரையைச் சீக்கிரம் கெடுக்கும், பவர் பேங்கை ஆபத்தாக்கும். வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கட்டும். சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பிரித்து, கடலைமிட்டாயையும் அவலையும் தின்று தீர்த்துப் புதிது வைத்து, சூட டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, மாத்திரை அட்டையின் தேதியைப் படித்து, கிரேப் பேண்டேஜை இழுத்துப் பாருங்கள்; திரும்பச் சுருங்காவிட்டால் மாற்றிவிடுங்கள். பவர் பேங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும்.